கிழவியின் நிறை

அப்பா இருந்தார். அம்மா இருந்தார். அண்ணன் இருந்தான், அவனுக்குப் பதின்மூன்று வயது. நான் இருந்தேன், எனக்குப் பத்து. பண்ணைக்காரர் இருந்தார், பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தார். மூன்று நாய்கள் இருந்தன. கறுவல், வெள்ளைக்காலன், கிழவி. செம்மறிகள் நிறைய இருந்தன.

வேறு ஒருவரும் இல்லை. கிரின்ஸ்டெட் பக்கம், பஸ் வராத இடம். எங்களிடம் கார் இல்லை.

போன மாதம் கோயில் மண்டபத்தில் நம் வயதுக்காரர் ஒன்றாக இருந்து கதைத்தோம். இந்த நாட்டில் முதல் குளிர் எப்படிப் போனது என்று ஒவ்வொருவரும் சொன்னீர்கள். ஒருவர் முகாமில் உடைந்த யன்னலைச் சொன்னார். ஒருவர் கையுறை இல்லாமல் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னார். என் முறை வந்தபோது சாப்பாடு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

அகதி முகாமில் ஒரே அறையில் நாங்கள் நால்வரும் இருந்தோம். அதன் பிறகு கொமூன்காரர், அதாவது அந்த ஊரின் நிர்வாகம், அப்பாவுக்குச் செம்மறிப் பண்ணையில் வேலை எடுத்துக் கொடுத்தார்கள். பண்ணை ஓரத்தில் ஒரு சின்ன வீடு. எனக்கும் அண்ணனுக்கும் பைன் மரத்தில் ஆளுக்கொரு கட்டில். தனிக்கட்டிலில் படுத்தது அதுதான் முதல் தடவை.

அப்பா ஊரில் பஸ் கண்டக்டர். ஆட்டை அவர் கறிச்சட்டிக்குள்தான் கூடுதலாகக் கண்டிருந்தார். அம்மாவுக்கு நாய் என்றால் பயம்.

"கிட்டப் போகாதை பிள்ளை. கடிக்கும். கடிக்காட்டிலும் தொட்டால் முழுக வேணும்."

அவை வீட்டு நாய்கள் இல்லை. வேலை நாய்கள். ஆடுகளைச் சேர்க்கும், பிரிக்கும், போகிற வழியை மறித்துப் படுக்கும். பகல் வயலில். மற்ற நேரம் முற்றத்தில் கம்பி அடைப்புக்குள், கூட்டில். வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். சூட்டுக்குப் பழகினால் குளிருக்கு வளர்ந்த மயிர் கொட்டிவிடும். பிறகு வயலில் விறைத்துப் போகும். ஆட்டுக் கொட்டிலுக்குள்ளும் விடக்கூடாது. சினை ஆடுகள் மிரளும்.

கூடு புதியது. பண்ணைக்காரரின் தம்பி கட்டியது. அவர் வைலே நகரத்தில் மரவேலைப் பட்டறை வைத்திருந்தார். அந்தக் கோடையில் பண்ணைக்காரரின் பிறந்தநாளுக்கென்று பழைய கூடுகளை எரித்துவிட்டு இதைக் கட்டிக் கொடுத்தார். சிவப்புச் சாயம். இரண்டு கண்ணாடி யன்னல். அப்பா உள்ளே நிமிர்ந்து நிற்பார். நின்று கையை உயர்த்தினாலும் கூரை தொடாது.

"எங்கடை முகாம் அறையிலும் பாக்கப் பெரிசு" என்றார் அப்பா. "இஞ்சை நாயெல்லாம் பங்களாவிலைதான் இருக்கும் போலை."

குளிர் தொடங்கும்போது பண்ணைக்காரர் பரண் ஏணியில் இருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். படுத்தபடியே அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார். எங்கள் வீட்டில் டேனிஷ் கொஞ்சம் ஓடியது எனக்குத்தான். முகாமில் பிள்ளைகளோடு விளையாடிப் பிடித்தது.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நாயளைப் பாக்கட்டாம். கிழவியை முதல் பாக்கட்டாம்."

"ஓம், ஓம்" என்றார் அப்பா, தமிழில். பண்ணைக்காரருக்கு விளங்கியது. தலையாட்டினார்.

கிழவிக்கு டேனிஷில் ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது வரவில்லை. முகவாய் நரைத்திருந்தபடியால் அண்ணன் கிழவி என்றான். நெற்றியில் ஒரு வெள்ளைப் பட்டை. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும்.

மேற்குக் காற்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பக்கத்து மரமெல்லாம் கிழக்கே சாய்ந்துதான் வளரும். காற்றோடு உறைபனி வந்தது. காலையில் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தால் பனிக்கட்டி வட்டமாக, சட்டியின் அச்சில், விழும். நானும் அண்ணனும் அதை உதைத்து விளையாடினோம். கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கூரையில் ஆணி முனைகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. நாய்கள் விட்ட மூச்சு மேலே போய் உறைந்திருந்தது. மூன்றும் மூன்று மூலையில் சுருண்டு கிடந்தன. கிழவி நடுங்கினாள். எழுந்து வந்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். கொட்டிலில் ஆட்டுக்குட்டி நிறுக்கிற தராசு தொங்கியது. சாக்கை நாயின் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிக் கொளுவினார். நாலு காலும் தொங்கும். கிழவி வெட்கப்பட்டவள் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் அவள் பதினெட்டுக் கிலோ. அன்றைக்குப் பதினாறு.

"குளிர்ந்தால் மெலியும்" என்றார். "சாப்பாடெல்லாம் நடுங்குவதில் போய்விடும்." கூட்டின் கதவைத் திறந்து பார்த்தார். கதவு இறுக்கமாக மூடியதில் அவருக்குச் சந்தோஷம்.

அம்மா சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ, அந்தச் சீவனைப் பாக்கேலாமல் கிடக்கு. ஊரிலை நாயள் விடியப்புறம் எங்கை படுக்கும்?"

"எங்கை?"

"அடுப்படிச் சாம்பலுக்குள்ளை."

அது உண்மை. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மார்கழியில் நாய் சாம்பல் கும்பியில் கிடந்து, எழும்பி உதறினால் ஒரு புகை வரும். எங்கள் வீட்டு அறையில் இரும்பு அடுப்பு இருந்தது. நாள் முழுக்க விறகு எரியும். அம்மா சாம்பலைத் தகர வாளியில் சேர்த்தார். ஆறவைத்து, கையால் சூடு பார்த்து, அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கூட்டுக்குள் மெத்தை போலத் தடிப்பாகப் பரப்பினார். நாய்கள் படுத்தன. எங்கள் நால்வருக்கும் பெரிய சந்தோஷம். அம்மா அன்றைக்கு வடை சுட்டார்.

பிறகு பனி இளகி மழையும் பனியும் கலந்து பெய்தது. நாய்கள் வயலால் நனைந்து வந்து சாம்பலில் படுத்தன. ஊரில் மார்கழிச் சாம்பல் காய்ந்து கிடக்கும். இங்கே அது களியானது. சாம்பல் தண்ணீர் சவர்க்காரம் மாதிரி. அரிக்கும். அம்மாவுக்கு அது தெரியும், ஊரில் அதால்தான் சட்டி விளக்கினார். நாயின் கால் நினைவுக்கு வரவில்லை. மூன்று நாய்களுக்கும் பாதம் சிவந்து வெடித்தது. கிழவி நக்கி நக்கி வாயும் புண்ணாகி, சாப்பாட்டை விட்டாள்.

அடுத்த ஞாயிறு தராசு பதினான்கு காட்டியது.

தம்பி கூட்டுக்குள் போய்ச் சப்பாத்துக் காலால் கிளறினார். "யார் இதைப் போட்டது?"

நான் அப்பாவுக்குச் சொன்னேன். அம்மா வாசலில் வாளியோடு நின்றார். அப்பா தன் நெஞ்சில் விரலை வைத்தார். 'நான்' என்பதற்கு டேனிஷ் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னார்.

தம்பி கத்தவில்லை. முழங்காலில் நின்று கிழவியின் பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். "உன் அப்பாவிடம் சொல். இவளுக்கு வயதாகிவிட்டது. குளிரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். என் அண்ணன் பெப்ரவரி முடியும்போது வீட்டுக்கு வருவான். அன்றைக்கு நிறுப்போம். பதினாறுக்குக் கீழே என்றால் துவக்கைக் கொண்டுவருவேன். ஒரு வெடி. அவளுக்கு நோகாது."

பத்து வயதில் அதை நான் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.

அம்மா வாளியைக் கீழே வைத்தார். "துவக்கு எண்டோ சொன்னவர்?"

"ஓம்."

"இஞ்சையுமோ?"

தம்பி காரை எடுத்துக்கொண்டு போனார். அம்மா உள்ளே போய்ச் சுடுதண்ணீரும் துணியும் கொண்டு வந்தார். கிழவிக்கு முன்னால் இருந்தார். பாதங்களைக் கழுவினார், துடைத்தார், ஆட்டுக் கொழுப்பை உருக்கிப் பூசினார். அம்மா ஒரு நாயைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு முழுகவில்லை.

சாம்பலை எல்லாம் அள்ளிக் கொட்டினோம். வைக்கோல் போட்டோம். பெரிய கூட்டில் வைக்கோல் காற்றுக்கு ஓரமாக ஒதுங்கியது. ஆணி முனைகள் மறுபடியும் வெள்ளை.

ஒரு காலை கிழவியைக் காணவில்லை. அண்ணன் கம்பிக் கதவைச் சரியாகக் கொளுவவில்லை. அப்பா அவனை ஏசிக்கொண்டே வயல் பக்கம் ஓடினார். நான் கொட்டிலுக்குப் பின்னால் போனேன். அங்கே பழைய மரப்பீப்பா ஒன்று சரிந்து கிடந்தது, வாய் கிழக்கே. உள்ளே பழைய வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு நரைத்த மூக்கு. கூப்பிட்டேன். வரவில்லை. வாலை மட்டும் ஒருதரம் அடித்தாள்.

கையை உள்ளே விட்டேன். சட்டைக் கைக்குள் இருக்கிற மாதிரிச் சூடு. கிழவி நடுங்கவில்லை. பீப்பா அவளுக்கு அளவாக இருந்தது. அவளைத் தவிர உள்ளே காற்றுக்கும் இடம் இல்லை.

அப்பா மூச்சு வாங்க வந்தார்.

"அப்பா, கூடு பெரிசு."

"பெரிசெண்டால் நல்லம்தானே?"

"அவளாலை அவ்வளவையும் சூடாக்கேலாது. இதுக்குள்ளை கையை வைச்சுப் பாருங்கோ."

வைத்தார். எடுக்கவில்லை.

"முகாமிலை ஒரு அறைக்குள்ளை நாலு பேரும் கிடந்தனாங்கள்" என்றேன். "அங்கை குளிர்ந்ததோ?"

அப்பா என்னைப் பார்த்தார். சின்ன இடத்தில் இருந்து வெளியே வந்ததுதான் எங்கள் குடும்பத்துக்கு அந்த வருடத்துப் பெரிய வெற்றி. அதற்குள் திரும்பிப் போகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு, "குளிரேல்லை" என்றார்.

பீப்பாவை அடைப்புக்குள் உருட்டினோம். பாதி வழியில் வளையம் அறுந்து பலகைகள் பூ மாதிரி விரிந்து விழுந்தன. உளுத்துப் போயிருந்தது. அண்ணன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. வீட்டைப் பார்த்தார். எங்கள் அறை யன்னலைப் பார்த்தார்.

"தம்பி, உன்ரை கட்டிலைக் கழட்டு" என்றார் அண்ணனிடம்.

"என்ரையோ? அவளின்ரையைக் கழட்டுங்கோ."

"அவளின்ரையும்தான். மூண்டு நாய் கிடக்கு."

"நாங்கள் எங்கை படுக்கிறது?"

"நீ படிக்கிற படிப்புக்கு நிலம் காணும்" என்றார் அம்மா.

கிழவியைப் படுக்கவைத்து அப்பா சாணால் அளந்தார். நின்று தலை குனிய வேண்டும், ஒருதரம் சுற்றிப் படுக்க வேண்டும், அதற்கு மேல் இடம் கூடாது. கொமூன் தந்த இரண்டு கட்டிலும் மூன்று பெட்டிகள் ஆயின. பலகை நல்ல பலகை. நிலத்துக் குளிர் ஏறாமல் கீழே செங்கல் வைத்தோம். வாசல் ஒரு மூலையில், சின்னதாக, கிழக்குப் பக்கம். மேல் மூடி திறக்கும், வைக்கோல் மாற்ற. அம்மா வாசலுக்குப் பழைய சேலையைக் கட்டப் போனார். பிறகு தானே நிறுத்தினார். "துணி நனைஞ்சால் விறைக்கும். உரப்பை நனையாது." வெற்றுப் பிளாஸ்டிக் உரப்பைகளை நீட்டுநீட்டாகக் கிழித்துத் தொங்கவிட்டார். பெட்டிகள் மூன்றையும் அந்தச் சிவப்புப் பங்களாவுக்குள்ளேயே வைத்தோம்.

முதல் காலை மூடியைத் திறந்து பார்த்தேன். பலகையில் ஒரு பொட்டு உறைபனி இல்லை. கிழவி என்னை ஏன் குளிரை உள்ளே விடுகிறாய் என்பது போலப் பார்த்தாள். மூடினேன்.

சாப்பாடு அம்மாவின் பொறுப்பு. பண்ணைக்காரர் வைத்த காய்ந்த தீனிக்கு மேலே சோறும் ஆட்டுக் கொழுப்பும் அவித்து இளஞ்சூட்டில் ஊற்றினார். தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீர். மூன்றும் சட்டியை நக்கித் தள்ளிக்கொண்டே முற்றம் முழுக்கப் போகும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. அம்மா கொழுப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு விறகுக் கொட்டிலுக்குப் போய் அங்கே காய்ச்சினார்.

"நாயளுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை இல்லையோ அம்மா?" என்றான் அண்ணன்.

"அதுகள் நேர்த்தி வைக்கேல்லை. நீ பேசாமல் பருப்பைச் சாப்பிடு."

பாதம் ஆறியது. கிழவி எலும்பு தெரியாமல் வந்தாள் என்று எனக்குத் தோன்றியது. நிறுத்துப் பார்ப்போம் என்றேன். அம்மா விடவில்லை.

"வளருற பிள்ளையைச் சும்மா சும்மா நிறுக்கிறதே? நாவூறு படும்."

அடுப்புக் கரியைத் தொட்டுக் கிழவியின் நெற்றி வெள்ளையில் ஒரு பொட்டு வைத்தார். வயலுக்குப் போய் வந்தால் அழிந்துவிடும். மறுநாள் மறுபடியும் வைப்பார். இப்படியே நிறை தெரியாமல் நாட்கள் போயின. தம்பியும் வரவில்லை. எங்கள்மேல் கோபம் என்று அப்பா சொன்னார். சுடப்போகிற நாயின் முகத்தைப் பார்க்க அவருக்கு விருப்பம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பெப்ரவரியில் பெரிய பனி விழுந்தது. வேலி எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. ஆடுகள் தூர வயலில் வாய்க்கால் ஓரம் ஒதுங்கி நின்றன. இன்னும் பின்னுக்குப் போனால் தண்ணீருக்குள் விழும். அப்பா இளம் நாய்கள் இரண்டையும் அனுப்பினார். கறுவல் பனியைக் கடித்து விளையாடியது. வெள்ளைக்காலன் நேராக ஓடியது. ஆடுகள் இன்னும் பின்வாங்கின.

"கிழவியை விடுங்கோ" என்றேன்.

"கால் இப்பதான் ஆறினது."

கிழவி அனுமதி கேட்கவில்லை. பெரிய வட்டம் எடுத்து, வாய்க்கால் கரையோடு வயிறு பனியில் இழுபட ஓடி, ஆடுகளுக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். ஒரு குரைப்பு இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான். முன்னால் நின்ற ஆடு திரும்பியது. பிறகு எல்லாம் திரும்பின. வெள்ளையில் வெள்ளையாக ஆடுகள் எங்களை நோக்கி வந்தன, பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி. அப்பா இரண்டு கையையும் தூக்கினார். பஸ்ஸை மறிக்கிறவர் மாதிரி. பிறகு கையால் கண்ணைத் துடைத்தார். காற்று என்றார்.

பண்ணைக்காரர் வருகிற நாள் வந்தது. காலையில் அண்ணன் சட்டியோடு நின்றான்.

"அம்மா, கிழவிக்கு இண்டைக்கு ரெண்டு மடங்கு குடுப்பம். ஒரு கிலோ கூடும்."

அப்பா சட்டியை வாங்கி மேலே வைத்தார். "நான் கண்டக்டராய் இருந்து ஒரு ரிக்கற் களவு செய்யேல்லை. வெறும் வயித்தோடை நிறுக்கட்டும்."

"கொஞ்சம் எண்டாலும்..." என்றார் அம்மா.

"நீர் சும்மா இரும்."

தம்பியின் கார் வந்தது. பண்ணைக்காரர் ஊன்றுகோல்களோடு இறங்கினார். கிழவி கம்பிக்குள் நின்று அழுதாள். காரின் பின்பக்கம் நீளமாக ஒரு உறை கிடந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

பண்ணைக்காரர் முதலில் கூட்டுக்குப் போனார். பெட்டிகளைப் பார்த்தார்.

"வீட்டுக்குள் என்ன வீடு?" என்றார் தம்பி.

"உங்களுடைய கூடு ஆட்களுக்கு" என்றேன். "பெட்டி நாய்க்கு."

"என்ன சொன்னனீ?" என்றார் அப்பா.

"நல்ல கூடு எண்டு சொன்னன்."

பண்ணைக்காரர் மூடியைத் தூக்கினார். கையை வைக்கோலுக்குள் விட்டு அப்படியே நின்றார். அவருக்குக் கோடையிலேயே தெரிந்திருக்கும், கூடு பெரிது என்று. தம்பி ஆசையாகக் கட்டிக் கொடுத்ததை எப்படிக் குறை சொல்வது? சொல்லவில்லை. அதற்குள் நாய்கள் குளிர்ந்தன. இது எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

"நீ போட்ட கூரை நல்ல கூரை" என்றார் தம்பியிடம். "ஒரு துளி ஒழுகவில்லை."

தம்பி பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பலகை பொருந்திய இடத்தில் பெருவிரலை ஓட்டினார்.

கொட்டிலுக்குப் போனோம். பண்ணைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். அப்பாவே சாக்கைக் கொடுத்துக் கிழவியைத் தூக்கிக் கொளுவினார். தூக்கும்போது அவர் முகம் மாறியது. நாலு காலும் தொங்கின. நெற்றியில் கரிப்பொட்டு.

"இன்னும் சாம்பலா?" என்றார் தம்பி.

"அது மருந்து" என்றேன்.

கிழவி வழக்கம் போல வேறு பக்கம் பார்த்தாள். முள் ஆடியது. அம்மா கண்ணை மூடினார். அண்ணன் என் கையைப் பிடித்தான், அதற்கு முன்னும் பின்னும் அவன் பிடித்ததில்லை. முள் நின்றது. தம்பி கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார். வாசித்தது அவர்தான். நான் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அந்தக் குளிரில் அப்பா டேனிஷ் எண்களைப் பழகியிருந்தார்.

பதினெட்டே கால்.